பேர் வராது

ஹம்ஸாவின் கைக்கு ஒரு குணம் உண்டு. காதில் விழுந்ததை விடாது. தமிழ்ச் சுருக்கெழுத்தில் உயர்நிலைத் தேர்வு எழுதித் தேறிய கை அது. எத்தனையோ துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் பாதி வார்த்தையை மென்று விழுங்குவார். இன்னொருவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டின பிறகுதான் நிறுத்துவார். அத்தனை பேரையும் வரி தப்பாமல் தாளில் இறக்கியிருக்கிறாள். நிர்வாகப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக உயர்ந்து, சுழல் நாற்காலியும் பூட்டு வைத்த மேசையும் கிடைத்த பிறகும், முக்கியமான கூட்டம் என்றால் "ஹம்ஸா மேடத்தைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டாள்.

பல்கலைக்கழகம் திருச்சியிலிருந்து முக்கொம்பு போகிற சாலையில், வாழைத் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது. பங்குனி பிறந்ததும் அங்கே அடிக்கிற வெயில் கொஞ்ச நஞ்சமில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாமல் மணல் காய்ந்து, காற்று அடித்தால் அனல்தான் வரும். அந்த வெயிலில்தான், தரச்சான்றுக் குழு வரப்போகிறது என்று வளாகம் முழுக்க வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்த கையோடு இன்னொரு வேலையும் ஆரம்பமானது. இங்கே வேலை பார்க்கிறவர்கள் இந்த இடத்தைத் தங்கள் இடமாக நினைக்கிறார்களா, யாராவது ஒதுக்கப்படுகிறார்களா என்று ஒரு கணக்கெடுப்பு.

அதை நடத்தியவள் சமூகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியை ஷஹனாஸ். துடியான பெண். பேராசிரியர்களும் அலுவலகக்காரர்களும் கம்ப்யூட்டரிலேயே பதில் போட்டுவிட்டார்கள். துப்புரவு செய்கிற ஒப்பந்தப் பெண்கள் மட்டும் பாக்கி. அவர்களுக்கு ஏது கம்ப்யூட்டர்? ஷஹனாஸ் நேராக ஹம்ஸாவிடம் வந்தாள்.

"மேடம், அவங்க சொல்றதை நாம நம்ம பேச்சா மாத்திடக் கூடாது. அவங்க வார்த்தையிலயே வேணும். உங்களை விட்டா இங்க யாரால முடியும்?"

"அதுக்கென்ன, எழுதித் தரேன்."

"பேர் மட்டும் எங்கயும் வரக்கூடாது மேடம். ஆளைக் காட்டிக் குடுக்கற மாதிரி எதுவுமே வரக்கூடாது. முதல்லயே அதைச் சொல்லிடுங்க. அப்பத்தான் மனசு விட்டுப் பேசுவாங்க."

மத்தியானம் புங்கமரத்தடியில் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஹம்ஸா நோட்டும் பென்சிலுமாகப் போனாள். கருவாட்டுக் குழம்பு வாசனைக்குக் காற்று வாட்டம் பார்த்துத்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கேள்விகள் அச்சுத் தமிழில் இருந்தன. "இவ்வளாகத்தின் ஓர் அங்கமாக நீங்கள் உங்களை உணர்கிறீர்களா? முற்றிலும் ஆம், ஓரளவு ஆம், சொல்லத் தெரியவில்லை..."

"அங்கம்னா என்னங்க மேடம்?" என்றாள் ஒருத்தி.

"இது நம்ம இடம்னு தோணுதான்னு கேக்கறாங்க."

"தோணாம என்ன? கூட்டறது நாமதானே. குப்பையெல்லாம் நம்முதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். 'முற்றிலும் ஆம்'னே போட்டுக்குங்க மேடம், எல்லாத்துக்கும் அதையே போட்டுக்குங்க என்றார்கள். சோற்றுக் கையோடு இருப்பவர்களை வேறென்ன கேட்பது? போட்டுக்கொண்டாள்.

இருசம்மாள் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. கூட்ட அரங்கைத் துடைக்கப் போயிருந்தாள். அவள் நிர்வாகக் கட்டடத்தின் ஆள். வையம்பட்டிப் பக்கத்திலிருந்து காட்டூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒப்பந்தம் எடுத்த கம்பெனிகள்தான் மாறின, இருசம்மாள் மாறவில்லை. எந்த அலமாரி எப்போது திறந்தால் பல்லி விழும் என்பது வரை அவளுக்குத் தெரியும். சாயங்காலம் நாலு மணி வாக்கில் பழைய கோப்புகள் இருக்கிற அறையைக் கூட்ட வந்தவளை ஹம்ஸா பிடித்து நிறுத்தினாள்.

"உக்காரு இருசம்மா. ரெண்டு கேள்வி கேக்கணும்."

அவள் தரையில் குந்தினாள். நாற்காலியைக் காட்டியதற்கு, "இருக்கட்டும்மா, இதான் வாட்டம்" என்றாள். "பேரு வராதுன்னு பேசிக்கிட்டாங்களே, நெசமா?"

"வராது. நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரிதான். கேளுங்க."

ஹம்ஸா முதல் கேள்வியைப் படித்தாள். இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்கள் நீங்கள்னு கேக்கறீங்களேம்மா. எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

"அப்படித்தான் எழுதியிருக்கு. சரி, இதைச் சொல்லு. அடிப்படை வசதிகள் எல்லாருக்கும் சமமாக் கிடைக்குதா?"

இருசம்மாள் சிரிப்பதை நிறுத்தினாள். விளக்குமாற்றின் கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எனக்கென்ன கோவம்? எழுதறதுதான் என் வேலை."

"பொம்பளைங்க பாத்ரூமை நாந்தாம்மா கழுவறேன். காலைல ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி. கழுவினதும் பூட்டிருவாங்க. வெளியாளுங்க வந்து அசிங்கம் பண்றாங்கன்னு பூட்டு போட்டாங்க, சரி. எனக்கு வந்தா நான் எங்க போறது? முன்னெல்லாம் ஹாஸ்டலுக்குப் பின்னாடி கருவக்காடு இருந்துச்சு. அதையும் வெட்டிட்டு செவுரு வெச்சுட்டாங்க. அதனால நான் தண்ணியே குடிக்கறதில்லைம்மா. காலைல வீட்டுல போனா, அப்புறம் சாயந்திரம் வீட்டுக்குப் போய்த்தான். வெயில் காலத்துல அப்படியே எரியும் பாருங்க, உயிர் போயிரும். ஆஸ்பத்திரில டாக்டரம்மா நெறைய தண்ணி குடிம்மாங்குது. அது சொல்லும், அதுக்கென்ன."

கை ஓடிக்கொண்டிருந்தது. கையின் பின்னாலேயே ஹம்ஸாவும் ஓடிக்கொண்டிருந்தாள். எழுதும்போது அவள் எப்போதும் அப்படித்தான். வார்த்தையைப் பிடிக்கிற மும்முரத்தில் அர்த்தம் மெதுவாகத்தான் வந்து சேரும்.

"கழுவற நேரத்துல போய்க்கலாமேம்பீங்க. கதவு தொறந்ததும் மேடமுங்க ஒவ்வொருத்தரா வந்துருவாங்க. ஒருவாட்டி உள்ள போயிட்டு வெளிய வந்தப்ப ஒரு மேடம், 'நீயும் இதைத்தான் யூஸ் பண்றியா'ன்னு கேட்டுட்டாங்க. அன்னியோட விட்டேன். சாவி உங்க டிராயர்லதானம்மா இருக்கு. புதுசா வந்த மருமக மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டு ஒரு நாள் உங்ககிட்டயே வந்து கேட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. 'இப்பத்தானே கழுவினே, மறுபடியும் கழுவப் போறியா'ன்னு கேட்டீங்க. சுத்தி நாலு பேரு இருந்தாங்க. ஆமாங்கன்னுட்டேன். ஆமான்னுட்டா அப்புறம் கழுவணும்ல? வாளியைத் தூக்கிட்டுப் போயி மறுபடியும் கழுவினேன். கூடவே ரெண்டு மேடமுங்க வந்துட்டாங்க. போன காரியம் நடக்கலை. சாவியைக் கொண்டாந்து உங்ககிட்டயே குடுத்துட்டேன்."

பென்சில் அதையும் எழுதிவிட்டுத்தான் நின்றது. ஹம்ஸா நிமிரவில்லை. அடுத்த கேள்வியை அவசரமாகப் படித்தாள். பிரிவில் நடக்கிற நிகழ்ச்சிகளில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார்களா?

"சேத்துக்காம என்ன? யாராச்சும் ரிட்டயரானா போட்டோ எடுப்பீங்கல்ல, சேரு போடறது நாந்தானே. போட்டுட்டு ஒதுங்குவேன். உடனே எல்லாரும் ஹேண்ட்பேக்கை எங்கிட்டக் குடுத்துட்டுப் போய் நிப்பீங்க. எங் கையில அஞ்சாறு தொங்கும். போட்டோக்காரரு சிரிங்க சிரிங்கம்பாரு. நானும் சிரிச்சுருவேம்மா, எதுக்கால நின்னுக்கிட்டு." சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தாள். "அவ்வளவுதான் எழுதிக்குங்க. வேற ஒரு கொறையும் இல்லை."

மறுநாள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். இருசம்மாளின் பேச்சு விரல் வழியாக அப்படியே இறங்கியது. கருவக்காடு, எரிச்சல், டாக்டரம்மா, ஐந்தாறு பைகள், எதிரே நின்று சிரித்த சிரிப்பு. ஒரு எழுத்து பிசகவில்லை. சாவி வந்த இடத்தில் மட்டும் விரல் நின்றது.

அப்படி ஒரு நாள் நடந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் இல்லை. ஆனால் 'மறுபடியும் கழுவப் போறியா' என்ற குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்தது. வேறு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவள்தான் கேட்பாள், அதுவும் நல்ல விதமாகத்தான், வேலைக்காரியின் சிரமத்தை நினைத்துத்தான் கேட்டிருப்பாள். அதுதான் அவளை அறுத்தது. முகம் சுட்டது. மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

ஆளைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி எதுவும் வரக்கூடாது என்பது விதி. சாவி யார் டிராயரில் இருக்கிறது என்று எழுதினால் அது ஒருத்தரைக் காட்டிக் கொடுக்குமா கொடுக்காதா? கொடுக்கும். ஆக விதிப்படி அந்த வரிகளை எடுக்கத்தான் வேண்டும். இப்படிக் கோர்வையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சாவி என்று ஆரம்பித்து குடுத்துட்டேன் என்று முடிகிற அத்தனையையும் விட்டாள். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கை விட்ட முதல் வரிகள் அவை.

அன்று ராத்திரி உத்தர வீதி வீட்டில் அவள் புருஷன் ஜகன்னாத், கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீரை மசியலும் சாத்துமுதும்தான் அன்றைக்குத் தளிகை. அவர் ரெண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டபோதும் ஹம்ஸா முதல் பிடியையே பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன, சாதத்தை வெச்சுண்டு யோசனை? ஆறிப்போறதே."

"ஒண்ணுமில்லைன்னா. இந்தக் கணக்கெடுப்பு இருக்கே, அதுல ஒருத்தி சொன்னதைக் கொஞ்சம் விட்டுட்டேன்."

"ஏன், மறந்துட்டியா?"

"மறக்கலை. பேர் வரப்படாதுன்னு விதி."

"விதின்னா சரிதானே. யார் பேரும் போடலையோன்னோ?"

"போடலை."

"அப்புறம் என்ன? பெருமாள் பேரைச் சொல்லிட்டுச் சாப்பிடு."

யார் பேரைப் போடவில்லை என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. "மோர் விடட்டுமா?" என்று எழுந்துவிட்டாள்.

அறிக்கை பிரமாதமாக வந்தது. கடைசியில் 'பணியாளர் குரல்கள்' என்று ஷஹனாஸ் ஒரு பகுதி சேர்த்திருந்தாள். இருசம்மாள் சொன்னது அதில் முதலாவதாக நின்றது. கூட்டத்தில் துணைவேந்தர் அதை வாய்விட்டுப் படித்தார். "எவ்வளவு உயிரோட இருக்கு பாருங்க, நேர்ல நின்னு பேசற மாதிரியே இருக்கு" என்றார். ஷஹனாஸ் எல்லார் முன்னிலையிலும், "அதுக்கு ஹம்ஸா மேடம்தான் காரணம்" என்றாள். கைதட்டினார்கள். ஹம்ஸா கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நேரில் நின்று பேசுகிற மாதிரியே இருந்ததுதான் வினையாகப் போயிற்று. பேர் எதற்கு? ரிட்டயர்மெண்ட் போட்டோ எடுக்கும்போது பையை வாங்கிக்கொண்டு எதிரே நிற்பவள் யார் என்று கட்டடத்தில் இருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும். பிரிவில் பெண்களெல்லாம் அதைப் படித்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நாம பையைக் குடுத்தது ஒரு குத்தமா? இத்தனை நாள் சிரிச்சுக்கிட்டே வாங்கினாளே" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அந்த வாரக் கடைசியில் வேறு ஒரு பெண் வாளியோடு வந்தாள். ஹம்ஸா ஒப்பந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளர் பாலுவைக் கூப்பிட்டாள்.

"இருசம்மா எங்க பாலு?"

"வீட்டுல இருக்கச் சொல்லியிருக்குங்க மேடம்."

"ஏன்?"

பாலு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குத் தெரியாததா மேடம்? 'பூட்டிருவாங்க'ன்னு போட்டிருக்கு. யாரு பூட்டுவாங்க? கான்ட்ராக்ட்காரன்தான் பூட்டறான், தன் ஆளையே உள்ள விட மாட்டேங்கறான்னு பதிவாளர் எங்க முதலாளியைக் கூப்பிட்டு வறுத்து எடுத்துட்டாரு. பதிவாளர் அவரைக் கேட்டாரு, அவரு என்னைக் கேட்டாரு. நான் யாரைக் கேக்கறது?"

"சாவி எங்கிட்ட இருக்குன்னு நீங்க சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? மாசாமாசம் எங்க பில்லு உங்க மேசைக்குத்தானே வருது. இருசம்மாவுக்கு நான் விரோதியில்லைங்க. முதலாளி கோவமா இருக்காரு. அந்த அம்மா நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லைன்னு எழுதிக் குடுத்தா, சேத்துக்கலாம்னு இருக்காரு. இல்லைன்னா கஷ்டம்தான்."

பாலு போன பிறகு ஹம்ஸாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேர் வராது என்று ஒருத்திக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். கடைசியில் பேர் வராமல் தப்பித்தது அவள் ஒருத்திதான். பயந்தாங்கொள்ளி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அது போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிற நேரத்தில் அவள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் துவாக்குடி பஸ் ஏறினாள். காட்டூரில் இறங்கி விசாரித்துப் போனாள். ஓடு போட்ட வீடு. வாசலில் வேப்பமரத்தடியில் இருசம்மாளின் புருஷன் நல்லுசாமி வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி இடுப்பு போன மனிதர். இப்போது டிபன் கடைகளுக்கு இலை நறுக்கிக் கொடுக்கிறார். நுனி இலையைத் தனியாக எடுத்து வைத்து, மிச்சத்தை ஏடு ஏடாகக் கிழித்து, ஈரச்சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். நரம்பில் கத்தி படாமல் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்கம்மா. ஆபீசம்மாவா? உக்காருங்க." ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். "இருசு குழாயடிக்குப் போயிருக்கு. இன்னைக்கு ரெண்டு மணி நேரம்தான் தண்ணி."

ஹம்ஸா உட்கார்ந்தாள். "இலைக்கு நல்ல கிராக்கியா?" என்றாள்.

"எங்கிட்டு? காத்து அடிச்சா எல்லாம் கிழிஞ்சு போவுது. கிழிஞ்சதைக் கடைக்காரன் எடுக்க மாட்டான். முகூர்த்த நாள்ல மட்டும் எதைக் குடுத்தாலும் எடுத்துக்குவான்." அடுத்த இலையை எடுத்தார். "பேரு வராதுன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேங்க."

"அது வந்து எங்கிட்டச் சொன்னப்பவே நான் சொன்னேன். பேரு இல்லாத பேச்சு ஏது? நீ வாயத் தொறந்தா வையம்பட்டி வரைக்கும் அடையாளம் தெரியும்டின்னேன். நம்பலை. அந்தம்மா நல்லவங்க, அவங்க சொன்னா சொன்னதுதான்னுச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஹம்ஸாவுக்குச் சுளுவாக இருந்திருக்கும்.

இருசம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். ஹம்ஸாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுண்டியது. "என்னம்மா, வெயில்ல இம்புட்டு தூரம்?" குடத்தை இறக்கிவிட்டு உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஹம்ஸா குடித்தாள்.

"இருசம்மா, நீ சொன்னதுல ஒரு பகுதியை நான் விட்டுட்டேன்."

"எதை?"

"சாவி எங்கிட்ட இருந்ததை. நீ வந்து கேட்டதை."

இருசம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"எனக்கு வெக்கமா இருந்துது. அதான் விட்டுட்டேன். வேற காரணமே இல்லை. நாளைக்குப் பதிவாளர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். பூட்டினது நான்தான், சாவி எங்கிட்டதான் இருந்துது, கம்பெனிக்காரங்க மேல தப்பில்லைன்னு. இருசம்மா சொன்னதெல்லாம் நிஜம்னு."

நல்லுசாமிதான் கேட்டார். "சொன்னா வேலைக்குக் கூப்பிட்டுக்குவாங்களாம்மா?"

ஹம்ஸாவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. உண்மை என்று தெரிந்துவிட்டால் பதிவாளர் விசாரணை வைப்பார். விசாரணை என்றால் முதலாளிக்கு இன்னும் எரிச்சல். "தெரியலைங்க" என்றாள்.

"பஸ் போயிரும்மா. உச்சி வெயில் ஆகறதுக்குள்ள கெளம்புங்க" என்றாள் இருசம்மாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். வழியில் வெயிலைப் பற்றியும் குழாய்த் தண்ணீரைப் பற்றியும் மட்டுமே பேசினாள்.

திங்கட்கிழமை ஹம்ஸா வந்ததும் வராததுமாகப் பதிவாளர் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே ஒப்பித்து வைத்திருந்தாள். 'சார், அந்த அறிக்கையில் நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்' என்று ஆரம்பிக்க வேண்டும். அரைக்கதவைத் தள்ளினால் உள்ளே பாலு நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில், தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு இருசம்மாள்.

"நானே கூப்பிட்டனுப்பணும்னு இருந்தேன், வாங்க" என்றார் பதிவாளர். "இந்த அம்மா தானாவே வந்திருக்காங்க. அறிக்கைல வந்தது தான் சொன்னது இல்லைங்கறாங்க. தரக்குழு வர்ற நேரம், நமக்கும் இது ஒரு தலைவலி. அவங்க சொல்றதை அப்படியே எழுதிக்குங்க. கையெழுத்து வாங்கி அறிக்கையோட வெச்சுடலாம்."

"சார், அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

ஹம்ஸா வாயைத் திறந்தாள். இருசம்மாள் அவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் கை நீட்டுகிற குழந்தையைப் பார்க்கிற பார்வை. பதிவாளர் காத்திருக்க, இருசம்மாளே முந்திக்கொண்டாள்.

"மேடம் என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்குத் தெரியும்ங்கய்யா. நான் கஷ்டப்படறேன்னு எனக்காகப் பேச வந்திருப்பாங்க. அவங்க மனசு அப்படி. எழுதிக்குங்கம்மா. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்லைங்க. பாத்ரூம் சாவி எப்பக் கேட்டாலும் மேடம் குடுப்பாங்க. முகம் கோணாமக் குடுப்பாங்க. கம்பெனிக்காரங்களும் நல்லாத்தான் நடத்தறாங்க. யாரோ சொன்னதை நான் சொன்னதா நெனச்சுக்கிட்டாங்க. எங்க மேடம் என்னைக் கூடப்பொறந்தவ மாதிரிப் பாத்துக்கறாங்க."

கை எழுதியது. ஹம்ஸா எழுதச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காதில் விழுந்ததை அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போயிற்று. கூடப்பொறந்தவ என்ற வார்த்தையில் பென்சில் முனை தாளைக் கிழித்தது.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே" என்றார் பதிவாளர்.

இப்போது உண்மையைச் சொன்னால் இருசம்மாள் பதிவாளர் முகத்துக்கு நேரே பொய் சொன்னவளாகிவிடுவாள். அவ்வளவுதான், அத்தோடு வேலை முடிந்தது.

"ஒண்ணுமில்லை சார்."

"சரி, அரை மணியில டைப் பண்ணிக் கொண்டாங்க. பாலு, அந்த அம்மாவை இன்னைக்கே சேத்துக்கச் சொல்லிடுங்க உங்க முதலாளிகிட்ட."

வெளியே தாழ்வாரத்தில் பாலு போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். ஹம்ஸா இருசம்மாளின் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவள் தொட்டதே இல்லை. பினாயில் ஏறிச் சொரசொரத்துப்போன கை.

"ஏன் இருசம்மா இப்படிப் பண்ணினே? நான் சொல்லத்தானே வந்தேன். எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"தெரியும்மா. அதான் காலைல முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடியாந்தேன், உங்களுக்கு முன்னாடி வந்துரணும்னு."

"இப்படி ஒரு பொய்யை எழுதிண்டு நான் எப்படி இருப்பேன், சொல்லு. ராத்திரி தூக்கமே இல்லை எனக்கு."

இருசம்மாள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்பு போதும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீங்க சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு மனசு ஆறிடும்மா. எனக்கு வேலை போயிரும். ஆறாமயே இருக்கட்டும்."

நல்ல சேலை அழுக்காகாமல் இருக்க முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு, வாளி வைக்கிற அறைப் பக்கம் போனாள். ஹம்ஸா தன் இடத்துக்கு வந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.